தான் கட்டிய காரில் தானே உட்கார்ந்தவர்: டான் கார்லிட்ஸும் பின்பக்க எஞ்சினும்

1970 மார்ச் 8. கலிஃபோர்னியாவில் லாங் பீச் பக்கம் இருந்த லயன்ஸ் டிராக் ஸ்ட்ரிப். அமெரிக்க டிராக் ரேஸ் ஓட்டுநர் டான் கார்லிட்ஸ் தன் 13ஆவது 'ஸ்வாம்ப் ராட்' காரில் புறப்படும் கோட்டில் நிற்கிறார். பச்சை விளக்கு எரிகிறது. அவர் வண்டியை விட்ட அதே நொடியில், கால்களுக்கு நடுவே இருந்த இரண்டு வேக கியர்பாக்ஸ் வெடிக்கிறது. சுழன்றுகொண்டிருந்த இரும்பு உருளை துண்டு துண்டாகச் சிதறி, காரை இரண்டாக வெட்டிவிடுகிறது. எஞ்சின் இருந்த பாதி ஒரு பக்கம். கார்லிட்ஸ் உட்கார்ந்திருந்த பாதி உருண்டு இன்னொரு பக்கம். அவருடைய வலது பாதத்தின் முன்பகுதி போய்விட்டது. சிதறிய துண்டு ஒன்று பார்வையாளர் பகுதிக்குள் பாய்ந்து ஓர் இளைஞரின் கையைத் துண்டித்தது. மருத்துவர்கள் அந்தக் கையைத் திரும்பப் பொருத்தினார்கள்.

அந்தக் காரைக் கட்டியவர் கார்லிட்ஸ். வெடித்த கியர்பாக்ஸும் அவர் உருவாக்கியதுதான். இந்த ஆய்வுக்கு நான் இந்த விபத்தை மையமாக எடுத்ததற்குக் காரணம் அதுவே. 60 ஆண்டுகளுக்கு மேல் நீண்ட ஒரு வாழ்க்கையில் வெற்றிகளும் சாதனைகளும் நிறைய உண்டு. ஆனால், தன் கையால் செய்த பொருள் எங்கே தவறியது என்பதைத் தன் உடம்பாலேயே தெரிந்துகொண்ட ஒருவர் அதற்கு என்ன பதில் சொன்னார் என்பதை இந்த ஒரு சம்பவத்தில் முழுதாகப் பார்க்க முடிகிறது.

டிராக் ரேஸ் பற்றித் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. நேரான பாதை, பக்கத்துப் பக்கத்தில் இரண்டு கார்கள், நின்ற இடத்திலிருந்து புறப்பாடு. தூரம் அந்தக் காலத்தில் கால் மைல், அதாவது சுமார் 402 மீட்டர். யார் முதலில் கோட்டைத் தாண்டுகிறாரோ அவருக்கு வெற்றி. இதன் உச்சப் பிரிவுக்கு டாப் ஃப்யூயல் என்று பெயர். அங்கே எரிபொருள் பெட்ரோல் இல்லை, நைட்ரோமீத்தேன். ஒரு கிலோ பெட்ரோல் முழுதாக எரிய ஏறக்குறைய 14.7 கிலோ காற்று வேண்டும். நைட்ரோமீத்தேனுக்கு 1.7 கிலோ போதும், ஏனென்றால் அதன் மூலக்கூறுக்குள்ளேயே ஆக்சிஜன் இருக்கிறது. எடைக்கு எடை பார்த்தால் பெட்ரோலைவிட இதில் ஆற்றல் குறைவுதான். ஆனால் அதே அளவு காற்றோடு பல மடங்கு எரிபொருளைத் திணித்து எரிக்கலாம். இந்தப் பிரிவின் வேகம் முழுக்க இங்கேதான் பிறக்கிறது. ஆபத்தும் இங்கேதான் பிறக்கிறது.

தம்பாவிலிருந்து வந்தவர்

கார்லிட்ஸ் 1932 ஜனவரி 14 அன்று புளோரிடாவின் தம்பா நகரில் பிறந்தார். படித்தது கணக்கு எழுத. அலுவலக நாற்காலி அவருக்கு ஒத்துவரவில்லை, சீக்கிரமே பட்டறைக்குப் போய்விட்டார். அந்தக் காலத்தில் அமெரிக்க டிராக் ரேஸின் தலைநகரம் தெற்குக் கலிஃபோர்னியா. நல்ல உதிரிபாகங்களும் பெயர் பெற்ற ஓட்டுநர்களும் அங்கேதான். புளோரிடாவில் இருந்தவர்களுக்குக் கிடைத்தது உலகப்போர்க் காலத்து விமான ஓடுதளங்களும், பழைய வண்டிகளிலிருந்து கழற்றிய பொருட்களும்.

1957இல் புளோரிடாவின் புரூக்ஸ்வில்லில் அவருடைய கார் மணிக்கு 176.40 மைலைத் தொட்டது, கிட்டத்தட்ட 284 கி.மீ. எஞ்சினுக்குள் காற்றை அழுத்தித் திணிக்கும் சூப்பர்சார்ஜர் இல்லாமல், எட்டு கார்புரேட்டர்களை மாட்டிய கிரைஸ்லர் ஹெமி எஞ்சினில் இதைச் செய்தார். கலிஃபோர்னியாக்காரர்கள் நம்பவில்லை. அங்கே கடிகாரம் கோளாறாக இருக்கும் என்றார்கள். 'சதுப்பு நிலத்து எலி' என்று எதிராளிகள் ஏளனமாக வைத்த பெயரை அவர் காரின் பக்கவாட்டில் எழுதிக்கொண்டார். அதன் பிறகு அவர் கட்டிய கார்கள் வரிசையாக எண் வைத்த 'ஸ்வாம்ப் ராட்'கள்தான். அந்த வரிசை 38 வரை போயிற்று.

1959இல் பேக்கர்ஸ்ஃபீல்ட் போட்டிக்காகக் கலிஃபோர்னியா போனார், தோற்றார். ஆனால் சூப்பர்சார்ஜர் இல்லாமல் இனி முடியாது என்று தெரிந்துகொண்டு திரும்பினார். அதே ஆண்டு தெற்குக் கரோலைனாவின் செஸ்டரில் அந்த சூப்பர்சார்ஜர் வெடித்துத் தீப்பிடித்தது. முகமும் கைகளும் மோசமாக வெந்தன. அவர் தேறிவரும் வரை ஆர்ட் மலோன் என்ற ஓட்டுநர் காரை ஓட்டினார். இந்த மலோன் இருபத்தைந்து ஆண்டுகள் கழித்து மறுபடியும் வருவார், அதைப் பின்னால் சொல்கிறேன்.

1964 ஆகஸ்ட் 1 அன்று நியூஜெர்ஸியின் கிரேட் மெடோஸில் மணிக்கு 201.34 மைல். 200 மைலைத் தாண்டிய முதல் ஓட்டம் என்று ஏற்றுக்கொள்ளப்பட்டது இதுதான். 1967இல் ஒரு மோசமான பருவத்தின் நடுவில், ஏழு நொடிக்குள் கால் மைலைக் கடக்கும் வரை சவரம் செய்வதில்லை என்று சபதம் எடுத்தார். இண்டியானாபொலிஸில் நடந்த யு.எஸ். நேஷனல்ஸ் இறுதிச் சுற்றில் 6.77 நொடி வந்தது, கோப்பையும் வந்தது. புறப்படும் கோட்டிலேயே, கூட்டத்தின் முன்னால் உட்கார்ந்து தாடியை எடுத்தார்.

இடையில் ஒரு சம்பவம், அவரே பலமுறை சொன்னது. அறுபதுகளின் நடுவில் கிரைஸ்லர் புதிய 426 ஹெமி எஞ்சினைக் கொடுத்தது. அது பழைய 392 அளவுக்குக்கூட ஓடவில்லை. அதை ஒழித்துக்கட்டிவிட்டுப் பழைய எஞ்சினுக்கே போய்விடலாம் என்ற எண்ணத்தில், நிறுவனம் சொன்ன எல்லையைத் தாண்டிப் பற்றவைக்கும் நேரத்தை முன்னால் தள்ளி வைத்து ஓட்டினார். எஞ்சின் உடையவில்லை, பறந்தது. அந்த எஞ்சினுக்கு என்ன வேண்டும் என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது. பொறியாளர் சொன்ன எண்ணைத் தாண்டிப் போக, ஓட்டுகிறவரும் கட்டுகிறவரும் ஒரே ஆளாக இருந்தால்தான் துணிச்சல் வரும் என்பது என் கருத்து. உடைந்தால் தன் எஞ்சின், காயம் பட்டால் தன் உடம்பு. வேறு யாரிடமும் கேட்க வேண்டியதில்லை.

ஸ்லிங்ஷாட் என்ற வடிவம்

லயன்ஸ் விபத்தைப் புரிந்துகொள்ள அந்தக் காலத்துக் காரின் அமைப்பைப் பார்க்க வேண்டும். நீளமான, ஒல்லியான குழாய்ச் சட்டம். நடுவில் எஞ்சின். அதற்குப் பின்னால் கிளட்ச், கியர்பாக்ஸ், பிறகு பின் ஆக்சில். அந்த ஆக்சிலுக்கும் பின்னால், காரின் கடைசி நுனியில், ஓட்டுநர். கவண் பட்டையில் வைத்த கல்லைப் போல உட்கார்ந்திருப்பதால் இதற்கு ஸ்லிங்ஷாட் என்று பெயர். ஓட்டுநரின் எடையும் பின் சக்கரங்கள் மேல் விழுவதால் டயர் நன்றாகப் பிடிக்கும். கார் பக்கவாட்டில் நழுவத் தொடங்கினால், கடைசி நுனியில் இருக்கும் ஓட்டுநருக்கு அது உடனே இடுப்பில் தெரியும். அந்தக் காலத்து வேகங்களுக்கு இது புத்திசாலித்தனமான வடிவம்தான், அதில் சந்தேகமில்லை.

ஆனால் அப்படி உட்காரும்போது இரண்டு கால்களும் ஆக்சிலின் இருபுறமும் நீண்டு, பாதங்கள் கிளட்சுக்கும் கியர்பாக்ஸுக்கும் பக்கத்தில் போய் நிற்கும். முகத்துக்கு எதிரே எஞ்சின். எஞ்சின் உடைந்தால் சூடான எண்ணெயும் தீயும் காற்றோடு நேராக முகத்தில் வந்து அடிக்கும். கிளட்ச் வெடித்தால் துண்டுகள் காலை அறுக்கும், சட்டத்தை அறுக்கும். ஆண்டுக்கு ஆண்டு குதிரைத்திறன் ஏறிக்கொண்டே போனது, ஓட்டுநர் உட்காரும் இடம் மட்டும் மாறவே இல்லை. 1967 டிசம்பரில் கலிஃபோர்னியாவின் ஆரஞ்ச் கவுன்டி களத்தில் கிளட்ச் வெடித்து மைக் சோரோக்கின் இறந்தார். 1969இல் இண்டியானாபொலிஸில் அதே மாதிரி விபத்தில் காயமடைந்த ஜான் மல்லிகன் பிழைக்கவில்லை. அதற்கு அடுத்த மார்ச்சில் கார்லிட்ஸின் பாதம்.

ஒவ்வொரு விபத்தையும் தனித்தனியாகப் பார்த்தால் பொருள் பழுது என்று தோன்றும். இந்த உருளை பலவீனமாக இருந்தது, அந்தக் கிளட்ச் சூடேறிவிட்டது, இனி தடிமனான உறை போடலாம் என்று போகும். சேர்த்துப் பார்த்தால்தான் பழுது வடிவத்தில் இருப்பது தெரியும். உடையக்கூடிய எல்லாவற்றையும் முன்னால் வைத்துவிட்டு, உடையக்கூடாத ஒரே ஒன்றை அவற்றுக்குப் பின்னால் உட்கார வைத்திருந்தார்கள்.

மருத்துவமனைக் கட்டிலில் படுத்திருந்தபோதே கார்லிட்ஸ் அடுத்த காரை யோசிக்க ஆரம்பித்துவிட்டார். எஞ்சினைத் தனக்குப் பின்னால் தள்ளிவிட வேண்டும். யோசனை புதிதல்ல. அவருக்கு முன்பும் சிலர் பின்பக்க எஞ்சின் டிராக்ஸ்டர்களைக் கட்டியிருந்தார்கள். அவை நேராக ஓடாது, தடாலென்று சுவரைப் பார்த்துத் திரும்பிவிடும் என்று பெயர் வாங்கியிருந்தன. விவரம் தெரிந்தவர்கள் எல்லோரும் சொன்னது ஒன்றுதான்: அது ஆளைக் கொல்லும்.

ஸ்வாம்ப் ராட் 14: கோளாறு எங்கே இருந்தது

1970இன் கடைசி மாதங்களில் கார்லிட்ஸும், அவரோடு வேலை பார்த்த கானி ஸ்விங்கிள், டி.சி. லெமன்ஸ் ஆகியோரும் புளோரிடாவில் 14ஆவது காரைக் கட்டினார்கள். சோதனை ஓட்டம் தொடங்கியதுமே விவரம் தெரிந்தவர்கள் சொன்னது நடந்தது. வேகம் ஏற ஏறக் கார் இப்படியும் அப்படியும் வெட்டி இழுத்தது. நேராக நிறுத்த முடியவில்லை. எடைப் பங்கீட்டை மாற்றிப் பார்த்தார்கள், வேறு சிலவற்றையும் மாற்றிப் பார்த்தார்கள். பலனில்லை. பழைய வடிவத்திலேயே இன்னொரு காரைக் கட்டிவிடலாம் என்கிற அளவுக்கு அவர் சோர்ந்துபோனார். மனைவி பாட் விடவில்லை. அந்தப் பழைய வடிவத்துக்குள் தன் கணவர் திரும்பப் போய் உட்காருவதை அவர் விரும்பவில்லை.

கடைசியில் கோளாறு ஸ்டீயரிங்கில் இருந்தது. இந்த ஆய்வில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது என்பதால் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன்.

ஸ்லிங்ஷாட் காரில் ஸ்டீயரிங் மிக வேகமாக வேலை செய்யும். சக்கரத்தைக் கொஞ்சம் அசைத்தாலே முன் டயர்கள் நிறையத் திரும்பும். அங்கே அது தேவை. வால் நழுவுவது கடைசி நுனியில் இருக்கும் ஓட்டுநருக்கு உடனே, பெரிதாகத் தெரியும், அவரும் உடனே பெரிதாகத் திருத்துவார். அந்த உணர்வுக்கும் அந்த ஸ்டீயரிங்குக்கும் பொருத்தம் இருந்தது. இப்போது ஓட்டுநரைத் தூக்கி முன்னால் கொண்டுவந்து, முன் சக்கரங்களுக்கு நெருக்கமாக வைத்தாயிற்று. பின்னால் வால் நழுவுவது அவருக்கு இடுப்பில் தெரிவதில்லை. மூக்கு விலகுவதைக் கண்ணால் பார்த்துத்தான் தெரிந்துகொள்கிறார். அதற்குள் பழைய பழக்கத்தில் கை பெரிதாகத் திருப்பிவிடுகிறது. கார் மறுபக்கம் பாய்கிறது. அதைத் திருத்தினால் இந்தப் பக்கம். கார் ஆடவில்லை, ஓட்டுநர்தான் தன்னை அறியாமல் ஆட்டிக்கொண்டிருந்தார்.

தீர்வு எளிமையானது. ஸ்டீயரிங்கின் விகிதத்தை மாற்றி மந்தமாக்கினார்கள். கை அதே அளவு அசைந்தாலும் டயர் குறைவாகவே திரும்பும். அவ்வளவுதான், கார் கோடு போட்ட மாதிரி நேராக ஓடியது. பின்பக்க எஞ்சின் ஆளைக் கொல்லும் என்று பல ஆண்டுகளாகச் சொல்லப்பட்டதன் பின்னால் இருந்தது எஞ்சின் இருக்கும் இடமே அல்ல, புது இடத்தில் உட்கார்ந்தவரின் கையில் கொடுத்த பழைய ஸ்டீயரிங்.

கட்டுகிறவர் ஒருவர், ஓட்டுகிறவர் இன்னொருவர் என்று இருந்திருந்தால் இதைக் கண்டுபிடித்திருக்க முடியுமா என்று யோசித்துப் பார்க்கிறேன். ஓட்டுநர் கார் சரியில்லை என்பார், கட்டியவர் உனக்கு ஓட்டத் தெரியவில்லை என்பார். இரண்டுமே பாதி உண்மை. இரண்டு பாதியும் ஒரே தலைக்குள் இருந்ததால்தான் அந்தச் சண்டைக்கு இடமில்லாமல் போனது. பத்து ஓட்டங்களின் உணர்வைக் கையில் வைத்துக்கொண்டே அவர் ஸ்பானரையும் எடுத்தார். அதே நேரத்தில் இதைத் தனி ஆளின் சாதனையாகச் சொல்வது தப்பு. ஸ்விங்கிளும் லெமன்ஸும் பக்கத்தில் இல்லாமல், பாட் வற்புறுத்தாமல் அந்தக் கார் பட்டறையை விட்டு மறுபடி வெளியே வந்திருக்காது.

1971 தொடக்கத்தில், தன் பாதம் போன அதே லயன்ஸ் களத்துக்கே அந்தக் காரோடு திரும்பினார். பார்த்தவர்களில் பலருக்கு நம்பிக்கை இல்லை. பிப்ரவரியில் பொமோனாவில் என்.எச்.ஆர்.ஏ. என்ற அமெரிக்க டிராக் ரேஸ் சங்கம் நடத்திய விண்டர்நேஷனல்ஸ் போட்டியை அவர் வென்றதும் பேச்சு மாறியது. இரண்டு மூன்று ஆண்டுகளில் ஸ்லிங்ஷாட் கார்கள் டாப் ஃப்யூயலின் முன்வரிசையிலிருந்து காணாமல் போயின. இன்று வரை அந்தப் பிரிவின் ஒவ்வொரு காரிலும் எஞ்சின் ஓட்டுநரின் முதுகுக்குப் பின்னால்தான் இருக்கிறது.

அதற்குப் பிறகு

எழுபதுகளை வேகமாகக் கடக்கலாம். 1975இல் கலிஃபோர்னியாவின் ஒன்டாரியோ களத்தில் 5.63 நொடி, 250.69 மைல். அதே ஆண்டு என்.எச்.ஆர்.ஏ. பட்டம். ஷெர்லி மல்டோனியுடன் நீண்ட போட்டி. 1977, 1980, 1982 என மூன்று முறை டாப் ஃப்யூயல் பட்டம் வென்ற அந்தப் பெண்மணியைப் பற்றித் தனியாகவே எழுத வேண்டும்.

எண்பதுகளின் தொடக்கத்தில் கார்லிட்ஸ் ஓட்டுவதை ஏறக்குறைய விட்டிருந்தார். புளோரிடாவின் ஒகாலாவில் டிராக் ரேஸ் அருங்காட்சியகம் ஒன்றைத் தொடங்கி 1984இல் திறந்தார். அதே ஆண்டுதான் ஆர்ட் மலோன் மறுபடி வந்தார், இம்முறை பணத்தோடு. அவருடைய ஆதரவில் யு.எஸ். நேஷனல்ஸ் போட்டிக்குப் போய், 52 வயதில் வென்றார் கார்லிட்ஸ். 1985, 1986 என அடுத்தடுத்து என்.எச்.ஆர்.ஏ. பட்டங்கள் வந்தன.

1986இல் வந்தது ஸ்வாம்ப் ராட் 30. கூர்மையான மூடிய மூக்கு, மிகச் சிறிய முன் சக்கரங்கள், ஓட்டுநரின் தலைக்கு மேல் போர் விமானத்தில் இருப்பது போன்ற கண்ணாடி மூடி. கெய்ன்ஸ்வில்லில் முதல் போட்டியிலேயே 272.56 மைல், அதாவது 438 கி.மீ.க்கு மேல். அதே ஆண்டு இங்கிலிஷ்டவுனில் புறப்பட்ட வேகத்தில் முன்பகுதி மேலே எழும்பி, கார் செங்குத்தாக நின்று, காற்றிலேயே திரும்பி, வந்த திசையைப் பார்த்தபடி சக்கரங்களில் இறங்கியது. அவருக்கு ஒன்றும் ஆகவில்லை. மறு ஆண்டு ஸ்போகேனில் அடுத்த காரிலும் அதே போல நடந்தபோது கார் நொறுங்கியது. அப்போது ஓட்டுவதை நிறுத்தினார். ஸ்வாம்ப் ராட் 30 வாஷிங்டனில் உள்ள ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்துக்குப் போனது. அந்தக் கண்ணாடி மூடி யோசனையை டாப் ஃப்யூயல் குழு ஒன்று மறுபடி எடுத்துக்கொண்டு வந்தது 2012இல். இவ்வளவு தாமதம் எனக்கு வருத்தம் தருகிறது. எஞ்சினை முன்னாலிருந்து பின்னால் மாற்ற உலகம் இரண்டு மூன்று ஆண்டுகள்தான் எடுத்துக்கொண்டது. தலைக்கு மேல் ஒரு மூடியைப் போட கால் நூற்றாண்டு ஆயிற்று. முன்னதில் வெற்றி கிடைத்தது, பின்னதில் பாதுகாப்பு மட்டும்தான் கிடைத்தது. காரணம் அதுவாகத்தான் இருக்க வேண்டும்.

1992இல் திரும்பி வந்தபோது கண் தடுத்தது. பாராசூட் விரிந்து கார் வேகம் குறையும்போது வரும் இழுவிசை விழித்திரையைப் பெயர்க்கிறது என்று மருத்துவர்கள் சொன்னார்கள், இறங்கிவிட்டார். அப்படியும் 2003இல், 71 வயதில், கெய்ன்ஸ்வில்லில் 323.04 மைல் ஓட்டினார். மணிக்கு ஏறக்குறைய 520 கி.மீ.

அவர் கடைசியாகக் கையில் எடுத்தது நைட்ரோமீத்தேனே இல்லாத கார். 2014 பிப்ரவரியில் பாட் இறந்தார். ஏப்ரல் 30 அன்று, 82 வயதில், புளோரிடாவில் பேட்டரியில் ஓடும் ஸ்வாம்ப் ராட் 37இல் கால் மைலை 184.01 மைல் வேகத்தில் முடித்தார். மின்சார டிராக்ஸ்டரில் அது அப்போதைய சாதனை. குறி 200 மைல். 2019 ஜூலையில், 87 வயதில், ஸ்வாம்ப் ராட் 38இல் புளோரிடாவின் பாம் பீச் களத்தில் 189.04 வரை போனார். 200ஐ அடுத்த ஆண்டு ஸ்டீவ் ஹஃப் என்ற வேறொரு ஓட்டுநர் தொட்டார்.

வெடிக்க நைட்ரோ இல்லாத அந்த 38ஆவது காரிலும், மோட்டார்களைத் தன் முதுகுக்குப் பின்னால்தான் வைத்திருந்தார் கார்லிட்ஸ்.